தாங்காமல் போனவர்களின் கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு தீர்ப்பும் வாசிக்கப்படுகிறது. செய்தித்தாளின் உள்பக்கத்தில் யாரோ ஒரு மாணவியின் சாவுச் செய்தி வந்திருக்கும். படித்து முடித்ததும் பெரியவர் சொல்வார்: “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதையும் தாங்குற சக்தியே இல்ல. நாங்க வாங்காத அடியா? பார்க்காத பசியா? செத்தா போயிட்டோம்?” டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், பள்ளி ஆண்டு விழா மேடையில், தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் என்று எல்லா இடத்திலும் இதையே கேட்கிறோம். மனநலம் பற்றிப் பேச வரும் சில மருத்துவர்கள்கூட இதில்தான் தொடங்குகிறார்கள். பழைய தலைமுறை கல், புதிய தலைமுறை கண்ணாடி என்பது கேள்வி கேட்கப்படாத உண்மையாக நம்மிடையே உட்கார்ந்துவிட்டது.

இது உண்மை இல்லை. பொய் என்பதோடு நில்லாமல், ஆளைக் கொல்லும் பொய்யாகவும் இருக்கிறது. அதற்கு இளையவர்களைப் போலவே முதியவர்களும் பலியாகிறார்கள்.

“செத்தா போயிட்டோம்?” என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதைக் கேட்பவர் உயிரோடு இருப்பவர். செத்துப்போனவர் அந்தத் திண்ணையில் இல்லை. அவருடைய வகுப்பில், அவருடைய தெருவில், அவருடைய வயதில் தாங்காமல் போனவர்களின் கணக்கு எங்கே இருக்கிறது? பெரும்பாலான ஊர்களில் எங்கேயும் இல்லை. ஆனால் ஓர் இடத்தில் இருக்கிறது.

வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடி ஒன்றியம். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பகுதி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமுதாய நலத்துறை அங்கே பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்து வருகிறது. காவல் நிலையத்துக் காகிதத்தை நம்பி எழுதும் பதிவு அல்ல அது. ஊரிலேயே வாழும் சுகாதாரப் பணியாளர்கள் இறப்பு நடந்த வீட்டுக்கே போய், குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் உட்கார்ந்து பேசி, சாவின் காரணத்தைக் கண்டறிகிறார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து ஓர் ஆய்வு 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயது வரையிலானவர்களிடையே தற்கொலை எவ்வளவு என்று அது கணக்கிட்டிருந்தது. ஒரு லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு 148. ஒரு லட்சம் ஆண்களுக்கு 58. அதே காலகட்டத்தின் முடிவில், 2001இல், இந்தியா முழுவதற்கும் எல்லா வயதினருக்கும் சேர்த்து அரசு சொன்ன விகிதம் ஒரு லட்சத்துக்கு 10.6. இரண்டு கணக்குகளும் எடுக்கப்பட்ட விதமும் வயதும் வேறு என்பதால் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் இடைவெளியைப் பாருங்கள்.

இப்போது ஒரு சின்ன கூட்டல் கழித்தல். 1992க்கும் 2001க்கும் இடையில் 10 முதல் 19 வயது என்றால், அவர்கள் ஏறக்குறைய 1973க்கும் 1991க்கும் இடையில் பிறந்தவர்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு இன்று முப்பத்தைந்து முதல் ஐம்பது வயதுக்குச் சற்று மேல் வரை. அதாவது இன்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை. “எங்க காலத்துல” என்று யார் பேசுகிறார்களோ, அவர்கள் காலம் இதுதான். செல்போன் இல்லை, இன்ஸ்டாகிராம் இல்லை, வகுப்பில் பிரம்பு இருந்தது, பத்து வீட்டுக்கு ஒரு டி.வி. இருந்தது. அந்தக் காலத்தில்தான் கணியம்பாடியில் பாவாடை தாவணி கட்டிய பெண் பிள்ளைகள் அந்த எண்ணிக்கையில் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்களுக்கும் மூத்தவர்கள்? அதே ஒன்றியத்தில், 1994 முதல் 2002 வரை, 55 வயதைக் கடந்தவர்களைப் பற்றிய தனி ஆய்வு ஒன்றும் உண்டு. அங்கே தற்கொலை விகிதம் ஒரு லட்சத்துக்கு 189. இவர்கள் சுதந்திரத்தை ஒட்டியோ அதற்கு முன்போ பிறந்தவர்கள். அரிசிப் பஞ்சத்தையும் ரேஷனையும் காலராவையும் கடந்து வந்தவர்கள். கல் என்று நாம் சொல்வது இவர்களைத்தான்.

ஓர் ஒன்றியத்தை வைத்துக்கொண்டு தமிழகம் முழுவதும் இப்படித்தான் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒழுங்காக எண்ணிப் பார்த்த இடத்தில் கிடைத்த விடை இது. எண்ணாத இடங்களை வைத்துக்கொண்டு “அப்பல்லாம் இதெல்லாம் கிடையாது” என்று சொல்வதைவிட, எண்ணிய இடத்தை வைத்துப் பேசுவதுதான் நேர்மை.

ஏன் மற்ற இடங்களில் தெரியவில்லை என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. பிழைத்து வந்தவரை மருத்துவர் பார்ப்பதற்குள் போலீஸ் பார்த்துவிடும் என்ற பயம். இறந்துவிட்டாலோ, வீட்டில் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள், யார் எடுப்பார்கள் என்ற பயம். எனவே விபத்து என்று எழுதினார்கள். தீராத வயிற்றுவலி என்று எழுதினார்கள். நம் சிற்றூர்களின் பழைய காவல் நிலையப் பதிவுகளில் அத்தனை இளம்பெண்களுக்கு வயிற்றுவலி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகுதான், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவரைக் கவனிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. இன்று வெளியே தெரிகிறது என்பதாலேயே இன்று புதிதாக நடக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

உயிரை விடாமல், ஆனால் உடைந்துபோனவர்கள் எங்கே போனார்கள்? வசதி இருந்தவர்கள் வீட்டின் பின்கட்டு அறைக்குப் போனார்கள். இல்லாதவர்கள் கோயில், தர்கா வாசல்களுக்குக் கொண்டுவிடப்பட்டார்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். 28 பேர். அவர்களும் “அந்தக் காலத்து மனிதர்கள்”தான். தலைமுறைத் திடம் பற்றிப் பேசும்போது அவர்களை ஏன் சேர்த்துக்கொள்வதில்லை?

சரி, கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எழுபது வயது ஆத்தா ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால் எல்லோருக்கும் முன்னால் நிதானத்துக்கு வந்து, யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று வரிசையாகச் சொல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பேத்திக்கு அந்த நிதானம் இல்லை. இதற்கு என்ன பதில்?

பதில் என்னவென்றால், அது வயது தந்தது. தலைமுறை தந்தது அல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருபவர். மீதமிருக்கும் காலம் குறைவு என்பதை உணரும் மனிதர்கள் எதற்கு மனத்தைக் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறார்கள் என்பது அவர் கருத்து. கொரோனாவின் தொடக்கத்தில், 2020 ஏப்ரலில், 18 முதல் 76 வயது வரையிலான அமெரிக்கர்களிடம் அவர் குழு கேட்டபோது, நோய் அபாயம் அதிகம் இருந்த மூத்தவர்கள்தான் இளையவர்களைவிட மன அமைதியோடு இருந்தார்கள். அமெரிக்க முதியவர்கள் நம் ஊர்ப் பிரம்படியில் வளர்ந்தவர்கள் அல்லர். பழைய சோறு சாப்பிட்டவர்களும் அல்லர். இருந்தும் அதே நிதானம். ஆத்தாவுக்கு இருபது வயதில் இது இருந்ததா என்று ஆத்தாவிடமே கேளுங்கள். முதல் பிள்ளை தவறியபோது எத்தனை மாதம் பேச்சில்லாமல் இருந்தாள் என்று, கேட்டால் சொல்வாள். பேத்திக்கு எழுபது வயதாகும்போது அவளுக்கும் வரும். இருபது வயதுக்காரியிடம் எழுபதைக் கேட்பது நியாயமா?

இதிலேயே இன்னொரு பாதி உண்டு. அதைத்தான் நாம் முற்றாக மறந்துவிடுகிறோம். சூசன் சார்ல்ஸ் என்ற உளவியலாளர் 2010இல் முன்வைத்த விளக்கம் அது. முதியவர்கள் சச்சரவிலிருந்து விலகி நிற்கத் தெரிந்தவர்கள். அதனால்தான் நன்றாக இருக்கிறார்கள். விலக முடியாத சுமை வந்து, அது நீண்டுகொண்டே போனால் அந்த அனுகூலம் போய்விடுகிறது. உடம்பு முன்போல் படபடப்பிலிருந்து சீக்கிரம் இறங்குவதில்லை. படுத்த படுக்கையான கணவனை மூன்று வருடமாகத் திருப்பிப் படுக்க வைக்கும் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு விலகிப் போக இடம் ஏது? மகன் சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ இருக்கிறான். “எங்கம்மா இரும்பு” என்று அங்கிருந்து பெருமையாகச் சொல்கிறான். அந்தப் பெருமை அவளுக்கு ஒரு தூக்க மாத்திரைக்குக்கூட உதவாது.

அடுத்து, கஷ்டம்தான் மனிதனை உரமாக்கும் என்ற வாதம். நம் பெற்றோர்கள் மனப்பூர்வமாக நம்புவது இது. “பிள்ளைக்குக் கஷ்டம் தெரியாம வளர்த்துட்டோம், அதான் இப்படி.” அமெரிக்காவில் 1930களின் பெருமந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் எழுதிய நூல் 1974இல் வந்தது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1920, 1921இல் பிறந்தவர்கள் ஒரு குழு. பிற்பாடு அவர் பக்கத்திலுள்ள பெர்க்லியில் 1928, 1929இல் பிறந்தவர்களோடு அவர்களை வைத்துப் பார்த்தார். அதே நாடு, அதே மந்தம், எட்டு வயதுதான் வித்தியாசம். மந்தம் தாக்கியபோது ஓக்லண்டு பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தார்கள். பையன்கள் வெளியே சின்ன வேலைகளுக்குப் போய்ச் சம்பாதித்தார்கள். பெண்கள் வீட்டை நடத்தினார்கள். குடும்பத்துக்குத் தாங்கள் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். பெர்க்லிப் பிள்ளைகளுக்கு அப்போது வயது இரண்டோ மூன்றோ. அதே மந்தம் அந்தப் பையன்களைக் கடுமையாகப் பாதித்தது. படிப்பில் பின்தங்கினார்கள், நம்பிக்கை குறைந்தவர்களாக வளர்ந்தார்கள்.

எல்டர் கண்ட இன்னொன்றை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வறுமை பிள்ளையை நேராகத் தாக்கவில்லை. வேலையும் வருமானமும் இழந்த தகப்பனின் எரிச்சலாக, காரணமில்லாத கோபமாக, இன்றொன்று நாளையொன்று என்று மாறும் கண்டிப்பாகத்தான் அது பிள்ளையிடம் வந்து சேர்ந்தது. கஷ்டத்தில் வளர்ந்தும் தலைநிமிர்ந்தவர்களை நிமிர்த்தியது கஷ்டம் அல்ல. அந்தக் கஷ்டத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு இருந்தது, அவர்களைச் சுற்றி நிதானம் தப்பாத ஓர் ஆளாவது இருந்தார். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகள் அனைவரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னரும் இதையேதான் கண்டார். வறுமையும் குடும்பச் சண்டையும் நிறைந்த வீடுகளிலிருந்து வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தாயோ, பாட்டியோ, ஆசிரியரோ, நம்பி ஒட்டிக்கொள்ள ஒருவர் இருந்தார். மீதி இரண்டு பங்கினருக்கும் கஷ்டம் குறைவில்லாமல் கிடைத்தது. அது அவர்களை உரமாக்கவில்லை.

ஒரே அடி, வயதுக்கு வயது வேறு வேறாக விழும் என்பதற்கு நாம் கலிபோர்னியா வரை போக வேண்டியதும் இல்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அதில் பிள்ளைகள் ஏராளம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பிறகு பிள்ளைகளை இழந்து நின்ற தாய்மார்களுக்கு, அதை நீக்கி மீண்டும் கருத்தரிக்க வழி செய்யும் அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்துதர அரசு முன்வந்தது. இருபத்தெட்டு வயதுத் தாய்க்கு அது ஒரு வழி. இழந்த பிள்ளைக்கு ஈடல்ல என்றாலும், வாழ்வை இன்னொரு முறை தொடங்க ஒரு காரணம். நாற்பத்தைந்து வயதுத் தாய்க்கு அந்த வழி அடைபட்டிருந்தது. இரண்டு பேரில் யாருக்குத் திடம் அதிகம் என்று கேட்பது எவ்வளவு குரூரம்! யாருக்கு முன்னால் எந்த வழி திறந்திருந்தது என்பதல்லவா கேள்வி.

அந்தக் காலத்தவர் எப்படித் தாங்கினார்கள் என்பதை மறந்துவிட்டுத்தான் அவர்கள் தாங்கினார்கள் என்று பெருமை பேசுகிறோம். சாவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். செத்தவரைப் பற்றி மட்டுமா பாடினார்கள்? மாமியார் கொடுமை, பிறந்தவீட்டின் பாராமுகம், குடிக்கும் புருஷன் என்று உள்ளே கிடந்ததெல்லாம் அந்தச் சாக்கில் வெளியே வந்தது. ஊரே உட்கார்ந்து கேட்டது. பதினாறாம் நாள் வரை அந்த வீட்டில் அடுப்பைப் பற்றிக் கவலைப்படாதபடி உறவுகள் சோறு கொண்டுவந்தன. கோயில் கொடையில் சாமி வந்து ஆடியவளை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. வாய்விட்டு அழுதவர்களின் பேத்திகளைப் பார்த்து “அழாதே, திடமாக இரு, உன் பாட்டி மாதிரி இரு” என்கிறோம். பாட்டி அப்படி இருக்கவில்லை.

ஆண்களின் திடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் திடத்தில் கணிசமான பகுதி சாராயத்தில் கரைந்தது. மிச்சம் மனைவியின் கன்னத்திலும் பிள்ளையின் முதுகிலும் இறங்கியது. தான் தாங்காததை வீட்டில் இருப்பவர்களைத் தாங்க வைத்ததைத் தாங்கும் சக்தி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்று யார் உடைகிறார்கள் என்று பார்த்தாலும் இந்தக் கதை நிற்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044 பேர். ஒவ்வொன்றும் தாங்க முடியாத இழப்பு. ஆனால் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. தினக்கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கு 26. இல்லத்தரசிகள் ஏறத்தாழ 25,000 பேர். 30க்கும் 45க்கும் இடைப்பட்ட வயதினர் மட்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறார்கள். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்விலும், மனநலச் சிக்கல்கள் அதிகம் காணப்பட்டது 30 முதல் 49 வரையிலான நடுவயதினரிடம்தான். வீட்டுக் கடன் தவணை, பெற்றோரின் மருத்துவச் செலவு, பிள்ளையின் ஃபீஸ் எல்லாம் ஒரே மாதத்தில் ஒரே தலையில் விழும் வயது அது. கட்டட வேலைக்குப் போய் நாளெல்லாம் சுமை தூக்கும் நாற்பது வயதுக்காரரைப் பார்த்து “கஷ்டம் தெரியாமல் வளர்ந்தவன்” என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

பெரியவர்களுக்கு இந்தக் கட்டுக்கதை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது. 2017–18இல் 45 வயதைக் கடந்த எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்களிடம் முதுமை பற்றிய பெரிய தேசிய ஆய்வு ஒன்று நடந்தது. கேள்விகள் கேட்டு அளந்து பார்த்தபோது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.3 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. “உங்களுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா?” என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 0.8 தான். பத்தில் ஒன்பது பேர் நோயோடு இருக்கிறார்கள், பெயர் தெரியாமல். இதற்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் அறுபது வருடமாகக் கல் என்று சொல்லி வளர்த்த மனிதர், பணி ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி, ஏன் உயிரோடு இருக்கிறோம் என்று நினைப்பதை யாரிடம் சொல்வார்? மகனிடமா? போன மாதம்தான் அவர் பேரனைப் பார்த்து “உனக்குத் தாங்குற சக்தி இல்ல” என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் அவருடைய வாயையே அடைத்துவிட்டது. எனவே பசிக்கவில்லை என்கிறார், கால் குடைகிறது என்கிறார். மருத்துவர் விட்டமின் மாத்திரை எழுதித் தருகிறார்.

“அப்படியானால் பிள்ளைகளுக்குத் தைரியமே சொல்லித்தர வேண்டாமா?” என்று கேட்பார்கள். சொல்லித்தாருங்கள், தடையில்லை. ஆனால் உயிரைக் காத்தது எது என்று பாருங்கள். முன்பெல்லாம் மார்ச்சில் தவறிய மாணவன் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்து ஒரு வருடம் வீண். அந்த ஒரு வருடம் முழுக்க உறவுக்காரர்களின் வாய்க்கு அவன் தீனி. 2000களின் தொடக்கத்தில் தமிழக அரசு உடனடித் துணைத் தேர்வைக் கொண்டுவந்தது. முடிவு வந்த சில வாரங்களிலேயே மீண்டும் எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். சென்னையில் 1986இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தேர்வுத் தோல்வியால் நேரும் சாவுகளைக் குறைத்த நடவடிக்கையாக இதைத்தான் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறார். இதில் யாரும் வீர உரை ஆற்றவில்லை. பிள்ளைகளின் மனசு அப்படியேதான் இருந்தது. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையில் இருந்த மாதங்களைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் அப்படி எதைக் குறைத்திருக்கிறோம்? 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். சர்க்கரை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். அதே பணியாளர் அதே திண்ணையில் உட்கார்ந்து இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை போனது போல இருந்ததா? மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் தொடக்கக் கேள்விகள் இவை. ஊசி வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆம் என்று விடை வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு, கூடவே 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் உதவி எண் 14416. தாத்தாவிடம் கேட்டுவிட்டு, உள் அறையில் புத்தகத்தோடு இருக்கும் பேரனையும், அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் மருமகளையும் கூப்பிட்டு, மூன்று பேரிடமும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லி அரசு ஓர் ஆணை பிறப்பிக்கட்டும்.